எத்தனை நாளுக்கு ஒருமுறை கடைக்குச் செல்வது?

சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யச் செல்லுமிடங்களில் நாம் முதலில் கேட்பது இருப்புப் பதிவேட்டைத்தான். நூல் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று, கிடங்கில் எவ்வளவு நிற்கிறது என்பதை அதில் காண்கிறோம். இருப்பு மிகக் குறைந்தால் தறி நிற்கும்; மிகக் கூடினால் சங்கத்தின் பணம் முடங்கும், சரக்கும் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கு நிற்பது என்பதே கிடங்கு நிர்வாகம். இதே கேள்வி ஒவ்வோர் அங்கத்தினரின் அடுக்களையிலும் உண்டு. அங்கே அதைக் கேட்பார்தாம் இல்லை. மளிகைச் சாமான்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குவது, எந்தக் கடைக்கு எப்போது செல்வது என்பதை இம்மாதம் ஆராய்வோம். அற்ப விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் அங்கத்தினர் பலருடைய சில்லறைக் கடன்களின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மேலூர் வட்டாரத்து விவசாயியின் நிலையை முதலில் பார்ப்போம். 1895 ஆம் ஆண்டில் பெரியாற்று அணை முடிவுற்று, அத்தண்ணீர் இப்பக்கம் திருப்பப்பட்ட நாள் முதல் நம் வயல்கள் கால்வாயை நம்பி வாழ்கின்றன. கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகப் பாசனம். புரட்டாசியை ஒட்டித் தண்ணீர் வந்தால் தை, மாசியில் அறுவடை. ஆகவே ஒருபோக விவசாயியின் கையில் பணம் சேர்வது ஆண்டில் ஒரு பருவத்தில்தான். அப்போது மூட்டைக் கணக்கில் சாமான் வாங்குகிறார். ஆனி மாதத்தில் அது கிலோக் கணக்காகிறது. உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் பணம் போய்விட்ட புரட்டாசியில், நூறு கிராமாகவும் பத்து ரூபாய்ப் பொட்டலமாகவும் சுருங்கிவிடுகிறது.

நெசவாளர் குடும்பம் வேறு விதம். பாவை ஏற்றி, உருப்படியை நெய்து அறுத்து, சங்கத்தில் ஒப்படைத்த பின்னரே கூலி கிடைக்கிறது. அந்நாள் வரை கடையில் பற்று. கூலி வந்த அன்று பற்றைத் தீர்த்தது போக மீதி. மீதி சொற்பமாதலால் மறுநாளே மீண்டும் பற்று தொடங்குகிறது. எனவே விவசாயி ஆண்டில் சில மாதங்கள் செய்வதை நெசவாளர் ஆண்டு முழுவதும் செய்கிறார். இருவருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. சாமான் வாங்கும் நாளைப் பணம் வருகிற நாளே தீர்மானிக்கிறது. சாமானின் தன்மையும் கடையின் தூரமும் தீர்மானிப்பதில்லை.

“கடைக்குப் போவதில் என்ன செலவு? தெருமுனைதானே!” என்று கேட்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தடவை போய்வர இருபது நிமிடம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. நாளுக்கு 40 நிமிடம் என்றால் 30 நாளில் 20 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால் மாதத்தில் இரண்டரை நாள் கடைவழியில் கழிகிறது. போகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவரே தார் சுற்றிக் கொடுப்பவருமாவார். தார் தீர்ந்தால் தறியும் நிற்கும். ஆக, ஒருவர் நடை இருவர் வேலையைக் கெடுக்கிறது. கடைத்திண்ணையில் நாலு வார்த்தை பேசி வருவதை நாம் குறை கூறவில்லை; அதுவும் வாழ்க்கைக்கு வேண்டியதே. பேசப் போகிறவர் பேசி வரட்டும். கால் கிலோ சர்க்கரைக்காகப் போகிற நடையையே இங்கே எண்ணுகிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மதுரை கீழமாசி வீதியில் மொத்த விலைக்குக் கிடைக்கிறது என்று மேலூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று, ஐந்து கிலோ சாமானுடன் திரும்புகிறவர்களைப் பார்க்கிறோம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது பெரிய உதவியே. ஆயினும் டிக்கெட் இலவசமானால் பயணமும் இலவசம் என்று கொள்வது பிழை, அரைநாள் போய்விடுகிறது. அரைநாள் வேலையின் மதிப்பு 250 ரூபாய் என்றும், கிலோவுக்குச் சராசரி 10 ரூபாய் மலிவு என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 25 கிலோ வாங்கினால்தான் போன நேரத்துக்கு ஈடாகும். அதற்கு மேல் வாங்குவதே லாபம். ஒரு சிறு குடும்பத்துக்கு மாதந்தோறும் அவ்வளவு தேவைப்படாது. நான்கு குடும்பங்கள் சேர்ந்து, முறை வைத்து, ஒரு மாதத்துக்கு ஒருவராகச் சென்றுவந்தால் கணக்கு வேறாகிவிடும்.

ஆலைகளின் கணக்கொன்று இங்கே நமக்கு உதவுகிறது. 1913 இல் ஃபோர்டு ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், தொழிற்சாலையில் ஒரே தடவையில் எத்தனை உருப்படிகளைச் செய்வது சிக்கனம் என்று ஆராய்ந்தார். ஒவ்வொரு தடவையும் வேலையைத் தொடங்குவதற்கு ஒரு செலவு உண்டு. செய்ததை இருப்பில் வைத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு. இவ்விரு செலவுகளும் சமமாகும் இடத்தில்தான் மொத்தச் செலவு மிகக் குறைவாயிருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. வீட்டுக்கு இதைப் பொருத்தினால், தொடங்கும் செலவு என்பது கடைக்குப் போகும் நடை. இருப்புச் செலவு என்பது முடங்கிய பணமும், வண்டும், ஈரமும். இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. போய்வரும் செலவு நான்கு மடங்கானால், வாங்கும் இடைவெளி இரு மடங்கானால் போதும். நான்கு மடங்காக வேண்டியதில்லை. தெருக்கடையில் ஒரு பொருளை வாரம் ஒருமுறை வாங்குவது சரியென்றால், நான்கு மடங்கு நேரம் பிடிக்கும் மேலூர்க் கடைவீதியில் அதை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பதினாறு மடங்கு பிடிக்கும் மதுரையில் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் வாங்கலாம். இந்தக் கணக்கில் ஒரு நாள் இரண்டு நாள் முன்பின் ஆனால் நஷ்டம் மிகச் சிறிதே. ஆகையால் நாளைக் குறித்து வீட்டில் சண்டை வேண்டியதில்லை.

கெடாத பொருளுக்கே இவ்விதி முற்றும் பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருளின் ஆயுளே எல்லை. இங்கேதான் நம் பாட்டிமார்களின் அறிவு நமக்குத் துணையாகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை வாங்கத்தக்கவை சில உண்டு. புதுப்புளி மாசி முதல் சித்திரை வரை சந்தைக்கு வருகிறது. கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, உப்பிட்டு, மண்பானையில் அழுத்தி வைத்தால் அடுத்த புளி வரும் வரை நிற்கும். மிளகாயும் அதே பருவத்துப் பொருளே. ராமநாதபுரச் சீமையிலிருந்து வரத்து மிகும்போது விலை இறங்குவது வழக்கம். கையால் பிடித்தால் சலசலவென்று ஒலிக்கும்வரை உலர்த்தி, வற்றலாகவே வைக்கவேண்டும். பொடியாக்கினால் நிறமும் மணமும் போகுமாதலால், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே முறை. நெல்லை நெல்லாகவே வைத்து, வேண்டியபோது அரைத்துக்கொள்வது நலம். உமி இருக்கும்வரை பூச்சிக்கு எளிதில் இடமில்லை. அரிசியாக வைப்பதானால் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி தாங்கும்.

பயறு வகைகளில் எச்சரிக்கை வேண்டும். பயறு வண்டு முழுப் பயற்றின் தோல்மீது முட்டையிடுகிறது. புழு உள்ளே துளைத்துச் சென்று, வண்டாகி வெளிவருகிறது. வயலிலேயே முட்டை ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. வாங்கும்போது பயறு சுத்தமாகவே தோன்றும். இரண்டு மாதத்தில் டப்பா முழுவதும் மாவாகிக் கிடக்கும். கடைக்காரரை நொந்து பயனில்லை. வாங்கிய உடனே நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் இட்டு மூடவேண்டும். உடைத்த பருப்பை இவ்வண்டு அவ்வளவாகத் தொடுவதில்லை. துவரைக்குச் செம்மண் கட்டி வைத்த பழைய வழக்கம் காரணமற்றதன்று என்பதை இப்போது அறிகிறோம். நிலக்கடலையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஈரம் பட்டுப் பச்சையாகவோ கருமையாகவோ பூசணம் பிடித்த பருப்பைக் கழுவியோ வறுத்தோ உண்ணலாகாது. அப்பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. சமையல் சூட்டுக்கு அது முழுவதும் அழிவதில்லை.

பருப்பு, உளுந்து, சர்க்கரை, எண்ணெய், சோப்பு ஆகியவை மாதத்துக்கு ஒருமுறை போதும். எண்ணெயை 15 கிலோ டின்னாக வாங்கினால் மலிவு என்பார்கள். திறந்த டின்னில் காற்றும் வெளிச்சமும் பட்டு நாளடைவில் சிக்கு வாடை வரும் என்பது ஒருபுறமிருக்க, டின் நிறைந்திருக்கும்போது கரண்டி ஆழமாகப் போகிறது என்பதை எந்தக் குடும்பத் தலைவியும் மறுக்கமாட்டார். ரவையும் மாவும் இரு வாரத்துக்கு மேல் வேண்டாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டமான இடத்தில் இரு வாரம் நிற்கும். இரண்டையும் ஒரே கூடையில் கலந்து வைத்தால் விரைவில் கெடும். தக்காளி, கத்தரி முதலியவை வாரத்துக்கு இருமுறை. கீரையும் மீனும் அன்றன்றைக்கு. குளிர்பெட்டி உள்ள வீடுகளில் இந்த நாள்கள் சற்று நீளும், அவ்வளவே.

எந்த டப்பாவானாலும் மூடியில் வாங்கிய தேதியைச் சுண்ணக்கட்டியால் எழுதி வையுங்கள். பழையது முன்னே, புதியது பின்னே. சங்கக் கிடங்குகளில் இந்த ஒரு விதி மீறப்படுவதால் வீணாகும் சரக்கை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

மாதத் திட்டத்துக்கு நடுநாயகமாக இருக்கவேண்டியது நியாயவிலைக் கடை. நம் மாநிலத்தில் இக்கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அளவுடன் கிடைக்கின்றன. ஒரு மாதம் வாங்காமல் விட்டதை மறுமாதம் சேர்த்து வாங்க இயலாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஆகவே முதலில் இங்கே பொருளைப் பெற்று, வீட்டு இருப்பையும் பார்த்து, அதன்பின் பலசரக்குக் கடைக்குச் சீட்டு எழுதுவதே வரிசை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மாதம் பிறந்ததும் கடையில் பருப்பு வாங்கிவிட்டு, பத்தாம் தேதி நியாயவிலைப் பருப்பும் வந்து சேர, இரண்டில் ஒன்று வண்டுக்குப் போகிறது. விரல்ரேகை பதிந்தே பொருள் தரப்படுவதால், அட்டையில் பெயருள்ள ஒருவர் நேரில் செல்லவேண்டும். தறியில் இருப்பவரைப் பாதியில் எழுப்பாமல், ஓய்வாயிருப்பவர் எவரென்று முன்னிரவே தீர்மானித்துக்கொள்ளலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில்தான் திறக்கப்பட்டது. மேலூரிலும் ஒன்று நடைபெறுகிறது. அன்றைய விலை பலகையில் எழுதப்படுவதால் பேரத்துக்கு நேரம் செலவாகாது. விடியற்காலை சென்றால் நல்ல காய் கிடைக்கும். நம் விவசாய அங்கத்தினர்கள் விற்கச் செல்லும் நாளிலேயே தம் வீட்டுக்கு இல்லாத காயைப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்துவிட்டால் தனி நடை மிச்சம். வங்கி, சங்கம், உரக்கடை, வாரச்சந்தை என்று வேறு காரியமாக மேலூர் செல்லும் நாள் எதுவாயினும் அதைச் சாமான் நாளாக்கிக்கொள்வது நம் கிராமங்களில் முன்பு இயல்பாக இருந்தது. இரு சக்கர வாகனம் வீட்டுக்கு வந்தபின் அந்த ஒழுங்கு குலைந்து, தீப்பெட்டிக்கும் பெட்ரோல் செலவாகிறது.

பொட்டல விலையைப் பற்றி ஒரு சொல். ஒரு பொருள் கிலோ 120 ரூபாய் என்றும், அதுவே 50 கிராம் பொட்டலமாக 8 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 20 பொட்டலம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ. ஆக 160 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆயினும் எல்லாச் சிறு பொட்டலமும் நஷ்டம் என்று முடிவுகட்டலாகாது. 1970களில் கடலூர் சின்னி கிருஷ்ணன் போன்றோர் தொடங்கிவைத்த ஷாம்பு பொட்டலங்கள், பெரிய புட்டியைவிட அளவுக்கு அளவு மலிவாயிருப்பதைப் பல சமயம் காணலாம். உறையில் அச்சிட்ட எடையையும் விலையையும் வகுத்துப் பார்ப்பதே வழி. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

கூட்டுறவுக் கடையின் வரலாற்றிலும் நெசவாளர்களே முன்னோடிகள் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். 1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் தம் சிறு கடையைத் திறந்தவர்களில் கம்பளித் துணி நெய்வோர் பலர் இருந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே சரக்கு. தொடக்கத்தில் வாரத்தில் இரு மாலைகள் மட்டுமே கடை திறந்தது. பகலில் அனைவரும் வேலையில் இருந்ததால் அதற்கேற்ப நேரம் வகுக்கப்பட்டது. வாங்குவோரும் தம் தேவையை அந்த இரு மாலைகளுக்குள் அடக்கிக்கொண்டார்கள். மற்றொரு விதி இன்னும் முக்கியம்: ரொக்கத்துக்கே விற்பனை. கடனில் சிக்கியவன் கலப்பட மாவையும் கேள்வி கேட்க முடியாது என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தனர். 1904 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும் இந்த முன்மாதிரியையே பின்பற்றியது.

இங்கே நேர்மையாக ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ளவேண்டும். “மாதத்துக்கு ஒருமுறை வாங்கக் கையில் பணம் இருந்தால் நாங்கள் ஏன் அன்றாடம் வாங்குகிறோம்?” என்று ஒரு நெசவாளர் சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மையார் நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானது. அன்றாடம் வாங்குவது அறியாமையன்று; கையில் முதல் இல்லாமையே காரணம். பற்றுக்குச் சாமான் தரும் அண்ணாச்சியையும் நாம் பழிப்பதற்கில்லை. அடைமழையில் தறி நிற்கும்போது கேட்டவுடன் அரிசி தருபவர் அவர்தாம். அதற்குரிய வட்டியை விலையில் சேர்க்கிறார். அவருக்கும் வேறு வழியில்லை.

ஆகவே ஒரே நாளில் முழு மாதச் சாமானுக்கு மாற முயன்று, அதற்கென்று வேறு கடன் வாங்குவது கூடாது. ஒரு சமயத்தில் ஒரு பொருளை மாற்றுவதே செய்யக்கூடியது. எது வேகமாகத் தீர்ந்து, எது அதிகமாகப் பொட்டலத்தில் வாங்கப்படுகிறதோ, அந்த ஒன்றை மட்டும் இம்மாதக் கூலியில் மாதத்துக்குரிய அளவாக ரொக்கத்துக்கு வாங்கவேண்டும். மற்றவை பழையபடி பற்றிலேயே இருக்கட்டும். அப்பொருளுக்கு மறுமாதம் பற்று எழுதப்படாது. விலை வித்தியாசமும் மிச்சம். அந்த மிச்சத்தோடு சிறிது சேர்த்து இரண்டாவது பொருளை வாங்கலாம். பருப்பு, பிறகு எண்ணெய், பிறகு சர்க்கரை என்று ஒவ்வொன்றாக நோட்டிலிருந்து வெளியேறும். நாம் பார்த்த சில குடும்பங்களில் இதற்கு ஓராண்டு பிடித்தது. கடைக்காரரும் கோபிக்கவில்லை, சிறு பற்று எளிதில் வசூலாகும் என்பது அவருக்கும் தெரியும்.

விவசாய அங்கத்தினர்களுக்கு யோசனை வேறு. அறுவடைப் பணம் வந்ததும் புளி, மிளகாய் போன்ற ஆண்டுச் சாமான்களை வாங்கிவிட்டு, மாதச் சாமானுக்குரிய தொகையைச் சாமானாக மாற்றாமல் தம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் வைத்து, மாதந்தோறும் ஒரே அளவாக எடுக்கலாம். பணத்தை வண்டு அரிக்காது. மாசியில் வாங்கிய ஆறு மாதப் பருப்பு ஆடியில் என்ன நிலையிலிருக்கும் என்பதை மேலே கண்டோம்.

சங்கங்களும் ஒன்று செய்யலாம். கூலி வழங்கும் நாளில் அங்கத்தினர்களிடம் சீட்டும் ரொக்கமும் பெற்று, மொத்தமாக வாங்கி, சங்கத்திலேயே பிரித்துக் கொடுப்பது கடினமன்று. மதுரையில் பாண்டியன் கூட்டுறவுப் பண்டகசாலை போன்ற நம் இயக்கத்து நிறுவனங்களிடமே விலை கேட்கலாம். கடனுக்கு மட்டும் இதில் இடங்கொடுக்கலாகாது. இரண்டு பேருக்குச் சலுகை காட்டினால் மூன்றாம் மாதம் ஏற்பாடு நின்றுவிடும்.

நெசவாளர் குடும்பங்கள் இதைத் தொடங்க உகந்த காலம் புரட்டாசி. ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியில் ஈரம் ஊறும், கஞ்சி போட்ட பாவு காயாது, கூலி குறையும். காய்கறி விலையும் அப்போதுதான் ஏறும். சங்கம் தீபாவளிக்குப் போனஸ் வழங்குமாயின், அதில் ஒரு பகுதியைக் கொண்டு இரண்டு மாதத்துக்கு வேண்டிய பருப்பும் புளியும் உப்பும் மழைக்கு முன்னரே வாங்கி, வெயில் உள்ள நாளில் உலர்த்தி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை போட்டு வைத்துவிடவேண்டும். சுவரை ஒட்டி வைக்கவேண்டாம். மண்சுவரில் ஈரம் மேலேறும். சீட்டு எழுதும் பணியை ஆவணி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே எடுத்துக்கொண்டால், விலை விசாரித்து ரொக்கம் திரட்டச் செயலாளருக்கு நான்கு வார அவகாசம் கிடைக்கும்.